பதிமூன்றைத் தின்ற அடுக்கு

புதுக்கொற்கையில் இதய வால்வு மாற்றிக்கொள்வது பெரிய காரியமில்லை. பூமியில் கண்ணாடிக் கடைக்குப் போய், பழைய சட்டத்துக்குப் புது வில்லை போட்டுக்கொண்டு வருகிறார்களே, ஏறக்குறைய அப்படித்தான். வியாழனின் நிலாக்களில் ஒன்றான கலிஸ்டோவில், பனிக்கட்டிக்கு அடியில் குடைந்து கட்டிய ஊர் அது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அங்கே எடை குறைவு. எடை குறைந்த இடத்தில் மனித இதயம் சோம்பேறியாகி, பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வால்வைப் பழுதாக்கிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் காலையில் மருத்துவமனைக்குப் போவார்கள். அச்சுப்பொறி புது வால்வை வார்த்து முடிப்பதற்குள் அங்கே இருக்கிறவர்களோடு ஊர்வம்பு பேசுவார்கள். பகலில் மார்பைத் திறந்து மூடிக்கொள்வார்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

கோயில்பிள்ளைக்கு வயது ஐம்பத்திரண்டு. இது அவருக்கு மூன்றாவது வால்வு. ஒரு மாதமாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாற்றுச் சட்டை ஒன்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் மீன்குழம்பு வை" என்று மனைவி அற்புதமணியிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

டாக்டர் பொன்மாரி அவருடைய வால்வுக் கோப்பை அச்சுப்பொறியில் ஏற்றினார். அச்சுப்பொறி சற்று நேரம் முனகிவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டது. திரையில் இப்படி எழுதியிருந்தது: 'சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை. வார்க்க இயலாது.'

இரண்டாம் முறையும் அதுவே. மூன்றாம் முறை அச்சுப்பொறி முனகக்கூட இல்லை.

புதுக்கொற்கையில் வால்வை வார்க்க முடியுமே தவிர வரையத் தெரிந்தவர் யாரும் இல்லை. இங்கே நோயாளியின் இதயத்தைப் படமெடுத்துப் பூமிக்கு அனுப்புவார்கள்; அங்கே அதற்கென்று உள்ள வரைவகம் ஒன்று அளவெடுத்து வரைந்து, ஒரு கோப்பாகத் திருப்பி அனுப்பும். கோயில்பிள்ளையின் கோப்பு ஐந்து நாள் முன்னால்தான் வந்து சேர்ந்தது. அதற்கு மறுநாள் வியாழன் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. பதிமூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற சங்கதிதான். பதினேழு நாளைக்குப் பூமியோடு பேச்சு கிடையாது. ஊரில் அதற்கு 'மௌனம்' என்று பெயர். இன்னும் பன்னிரண்டு நாள் மௌனம் பாக்கியிருந்தது.

"பன்னெண்டு நாள் தாங்குவாவளா டாக்டர்?" என்று அற்புதமணி கேட்டாள். டாக்டர் பொன்மாரி பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஒரு வாரம் தாங்கினா பெருசு" என்றார்.

அடுத்தவர் கோப்பை எடுத்து வார்க்கலாமே என்று யாரோ கேட்டார்கள். அடுத்தவர் செருப்பே நம் காலுக்குச் சேர்வதில்லை, வால்வு எப்படிச் சேரும்? கதிர்வீச்சு பட்டுக் கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கெட்டுப்போன கோப்பைச் சரிசெய்வது செத்த மீனைத் துள்ளவைப்பது போலத்தான். ஆகவே, ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கோயில்பிள்ளையைப் பார்க்க வரத் தொடங்கினார்கள்.

வராதவள் ஒருத்தி உண்டு. அவர் கூடப்பிறந்த தங்கை செல்வகனி.

அவள் வராததற்குக் காரணம் கல்நெஞ்சம் அல்ல. செல்வகனி அந்த ஊரின் அடுக்காளர். அண்ணன் கோப்பு கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும், அவள் கோப்பைத்தான் முதலில் பார்க்கப் போனாள்.

அடுக்காளர் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குரல் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மனிதன் செய்தவற்றுள் நான் மிகவும் வியப்பது விண்கலத்தை அல்ல, இந்த அடுக்குகளைத்தான்.

கோப்பு என்பது வெறும் எண்களின் வரிசை. சுழியத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை உள்ள எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக. கடிதமும் அதுதான், பாட்டும் அதுதான், இதய வால்வும் அதுதான். அதை அப்படியே மனிதன் முன்னால் கொட்டினால் அவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆகவே கோப்புக்கும் மனிதனுக்கும் நடுவே அடுக்குகளை நிறுத்தினார்கள். கோப்பிலிருந்து மேலே வருவதைப் பதப்படுத்தித் தருபவை வரத்தடுக்குகள். மனிதனிடமிருந்து கீழே போவதைப் பதப்படுத்தி அனுப்புபவை போக்கடுக்குகள். இட்லிப் பானைத் தட்டுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றலாம். வேண்டாதபோது மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கலாம்; இந்த ஏற்றலும் இறக்கலும் அடுக்காளரின் பொறுப்பு. புதுக்கொற்கையில் எல்லோரும் எழுதும் 'சரம்' என்ற குறுமொழியில் அதற்கு ஒரே ஒரு வரி போதும். ஓர் அடுக்குக்கு மற்ற அடுக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். தன் வேலை உண்டு, தான் உண்டு என்றிருக்கும். கையைத் தூக்கிக் கும்பிடத் தோன்றும் ஒழுங்கு அது.

அவற்றில் ஓர் அடுக்கின் கதை வேடிக்கையானது. பூமியில் பழங்காலத்தில் தட்டச்சுப்பொறி என்று ஒன்று இருந்தது. ஒரு வரி முடிந்ததும் அதில் இரண்டு காரியம் செய்யவேண்டும்: உருளையைத் தொடக்கத்துக்குத் தள்ளவேண்டும், தாளை ஒரு வரி நகர்த்தவேண்டும். பின்னால் வந்த கணினிகள் இந்த இரண்டு காரியத்துக்கும் இரண்டு எண்களை வைத்துக்கொண்டன. உருளைக்குப் பதிமூன்று, தாளுக்குப் பத்து. சில கணினிகள் வரி முடிவில் இரண்டையும் எழுதின. சில, 'பத்து ஒன்று போதாதா?' என்று பதிமூன்றைக் கழற்றிவிட்டன. உருளை போயிற்று, தாளும் போயிற்று, தகராறு மட்டும் நூற்றாண்டுகளாகப் போகவில்லை. இந்தக் கதையின் காலத்திலும் பூமி இரண்டையும் எழுதுகிறது. புதுக்கொற்கை பத்தை மட்டும் எழுதுகிறது.

இந்தத் தகராறைக் கடிதம் எழுதுகிற யாருக்கும் தெரியாமல் தீர்த்துவைப்பது வரிமுடிப்பு அடுக்கு. பூமியிலிருந்து வரும் கோப்பில் பதிமூன்றும் பத்தும் ஒட்டி வந்தால், பதிமூன்றைத் தின்றுவிட்டுப் பத்தை மட்டும் உள்ளே விடும். இங்கிருந்து போகும்போது பத்துக்கு முன்னால் ஒரு பதிமூன்றை வைத்து அனுப்பும். வருகிற கோப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கடிதமும் பாட்டும் அறிவிப்பும் என்பதால், இந்த அடுக்கு எப்போதும் ஏறியே இருக்கும். கடிதமல்லாத கோப்புகளுக்கு மட்டும் அதை இறக்கிவிட்டு, எண்களை எண்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் 'பச்சையாகத் திறப்பது' என்று பெயர்.

செல்வகனி அண்ணனின் கோப்பைப் பச்சையாகத் திறந்து, அதன் தலைப்பில் இருந்த நீளத்தைப் பார்த்தாள். பதினாறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு எண்கள் என்று பூமி எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தாள். இருந்தது பதினாறாயிரத்து முந்நூற்று ஐந்து.

ஏழு எண்கள் குறைந்தன.

"கதிர்வீச்சு எண்ண மாத்தும், முழுங்காது" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். அறையில் யாரும் இல்லை. அடுத்து, பதிமூன்றும் பத்தும் ஒட்டி நிற்கும் இடம் கோப்பில் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். ஓரிடத்திலும் இல்லை. தனியாகப் பதிமூன்றுகள் இருந்தன. பத்துகள் மொத்தம் அறுபத்தொன்று. ஜோடி மட்டும் ஒன்றுகூட இல்லை. அந்த நொடியில் செல்வகனிக்கு விஷயம் விளங்கிவிட்டது. யாரோ அண்ணனின் இதயத்தைக் கடிதம் என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள்.

வால்வில் ஏது வரி? அதிலிருந்த பதிமூன்றும் பத்தும் வளைவின் அளவுகள், சவ்வின் கனங்கள். வரிமுடிப்பு அடுக்கு பாவம், அதற்கு அது எப்படித் தெரியும்? வரி முடிகிறது என்று நினைத்து ஏழு இடத்தில் ஏழு பதிமூன்றைத் தின்றுவிட்டுத் தன் கடமையைச் செவ்வனே முடித்திருக்கிறது. பூமியின் அலைகளை வாங்கும் வரவேற்பு நிலையம், வந்த மூல அலையை ஆறு மணி நேரம்தான் வைத்திருக்கும். அது ஐந்து நாள் முன்னாலேயே அழிந்துபோயிருந்தது.

செல்வகனி மருத்துவமனைக்கு ஓடினாள். கோயில்பிள்ளை தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"ஏட்டி, வந்திட்டியா. அண்ணன் கணக்கு முடிஞ்சிட்டுன்னு ஊரே சோறு கொண்டாந்து குமிக்குது. நீ வெறுங்கையோட வந்திருக்க."

"ஒன்னும் முடியல. ஏழே ஏழு பதிமூணு காணாமப் போச்சுண்ணே. அறுபத்தொரு எடத்துல எந்த ஏழு எடம்னு தெரிஞ்சாப் போதும்."

"தெரியலன்னா?"

"எல்லாத்தையும் போட்டுப் பாக்க வேண்டியதுதான்."

கோயில்பிள்ளை வரவேற்பு நிலையத்தின் காப்பாளர்; கணக்கு அவருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"நாப்பத்து மூணு கோடிக்கு மேல வருதே, செல்வி. எனக்கு மூச்சு அவ்வளவு கெடக்கா?"

"நீங்க மூச்ச மட்டும் பிடிச்சுக்கிட்டு இருங்க" என்றாள் அவள். அண்ணனின் காலைத் தொட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

நாற்பத்து மூன்று கோடியே அறுபத்திரண்டு லட்சத்து எழுபதாயிரத்து எழுநூற்று எண்பது வழிகள். சரியான கணக்கு அது. ஒவ்வொரு வழியிலும் ஏழு இடங்களில் பதிமூன்றைத் திரும்பச் செருகி, கிடைக்கிற கோப்பின் சரிபார்ப்பு எண்ணைப் போட்டு, பூமி அனுப்பிய எண்ணோடு ஒப்பிட வேண்டும். சரிபார்ப்பு எண் அறுபது இலக்கம் கொண்டது. தவறான கோப்பு ஒன்று தற்செயலாக அதற்குப் பொருந்துவது நடக்காத காரியம். செல்வகனி சரத்தில் பத்தொன்பது வரி எழுதினாள். முதல் வரியில் எல்லா அடுக்கையும் இறக்கினாள். மற்ற பதினெட்டு வரியும் ஒரு பாட்டைப் போல இருந்தன. ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை. இப்படி எழுதக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஊர்க் கணினிகள் எல்லாம் அவளுக்காக மற்ற வேலையை நிறுத்தின. பதினொரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினொரு நிமிடமும் அற்புதமணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தோராவது கோடியில் எங்கோ ஒரு வழி பொருந்தி, ஓட்டம் நின்றது.

"இதுதானா செல்வி?"

"இதுதான் மைனி."

"நாப்பத்து மூணு கோடியில ஒன்னுங்காவளே. இது இல்லாம வேற ஒன்னா இருந்தா?"

"கோடிப் பேரு நிக்கிற கூட்டத்துல நம்ம புள்ளய நமக்குத் தெரியாதா மைனி? அப்படித்தான் இதுவும்."

டாக்டர் பொன்மாரி புதிய கோப்பை ஏற்றினார். அச்சுப்பொறி முனகியது. பச்சை விளக்கு எரிந்தது. நான்கு மணி நேரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு வால்வு தட்டில் வந்து விழுந்தது. செல்வகனி அதைப் பார்த்துவிட்டு நடைபாதையில் சுவரோடு சுவராக உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். மூன்றாம் நாள் கோயில்பிள்ளை வீட்டுக்கு வந்து, தாமதமாகிப்போன மீன்குழம்பைச் சாப்பிட்டார்.

ஊர் அவளைக் கொண்டாடியது. கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அழுது முடித்தவளுக்கு இப்போது கோபம் வந்திருந்தது. பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், இருநூறு பேருக்கு முன்னால், அவள் எழுந்து நின்றாள்.

"எங்கண்ணன் ஒடம்புக்கு முடியாம இருந்த ஒரு மாசமும் நிலையத்துல நாமதான் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேரா மாத்தி மாத்திப் பார்த்தோம். அதுல யாரோ ஒருத்தர் இந்தக் கோப்பக் கடிதம்னு நெனச்சுத் திறந்திருக்காவ. பச்சையாத் திறக்கணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். யாருன்னு நான் கண்டுபிடிக்கத்தான் போறேன். அந்த ஆளு இனிமே நிலையத்து வாசப்படி மிதிக்கக்கூடாது."

"கூடாது, கூடாது" என்றார்கள் எல்லோரும். எல்லோருமே முறைபோட்டுப் பார்த்தவர்கள் என்பதால், சொல்லும்போது கொஞ்சம் குரல் இறங்கியிருந்தது. மன்றத் தலைவர் தனுஷ்கோடி மட்டும் உரக்கச் சொன்னார். அவர் முறை வந்த நாளில் அவர் வேறு ஆளை அனுப்பியிருந்தார்.

நேராக அவள் வரவேற்பு நிலையத்துக்குப் போனாள். அங்கே கோப்புகளை வாங்கி உள்ளே விடும் ரோபோவுக்கு வாயிலான் என்று பெயர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தை விட்டு நகராதது. பொய்யும் அறியாது, நயமும் அறியாது.

"மௌனத்துக்கு முந்தின நாள் வால்வுக் கோப்பு வந்துதே. நீ கேக்காமலா உள்ள விட்ட?"

"கேட்டேன், அம்மா. அன்று கடிதமல்லாத கோப்புகள் இருநூற்றுப் பதினெட்டு வந்தன. இருநூற்றுப் பதினெட்டு முறையும் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

வாயிலான் திரையில் காட்டியது. 'இந்தக் கோப்பு கடிதம் போலத் தெரியவில்லை. எழுத்து அடுக்குகள் வழியாகத் திறந்தால் சில எண்கள் மீளாமல் அழியக்கூடும். பச்சையாகத் திறக்க இறக்கு என்பதை அழுத்துக. இப்படியே திறக்கச் சம்மதம் என்பதை அழுத்துக.'

"இவ்வளவு தெளிவாக் கேட்டுமா சம்மதத்த அழுத்தினாவ?"

"ஆம். இதைப் படிக்க ஒன்பது விநாடி ஆகும். அரை விநாடியில் பதில் வந்தது."

"யாரு அழுத்தினா?"

"தாங்கள்தான், அம்மா."

செல்வகனி திரையில் இருந்த தேதியைப் பார்த்தாள். மௌனத்துக்கு முந்தின நாள். ஆமாம், அன்று அவளுக்கும் ஒரு முறை இருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, வந்த கேள்விக்கெல்லாம் சம்மதம், சம்மதம் என்று அழுத்திக்கொண்டே போனது ஞாபகம் வந்தது. ஒரு கேள்வியாவது ஞாபகத்துக்கு வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

"இந்தக் கேள்வியை இரண்டு ஆண்டு முன்னால் திருத்தி எழுதியவரும் தாங்களே. நல்ல தமிழ்" என்று வாயிலான் சேர்த்துக்கொண்டது.

"நீ ஏன் என்னத் தடுக்கல?"

"எனக்குக் கேட்க மட்டும்தான் உரிமை. சம்மதம் மனிதருடையது."

"இத்தன வருசத்துல இத முழுசாப் படிச்சவங்க எத்தன பேரு?"

"மனிதர்களில் அம்மா, எழுதும்போது தாங்கள் ஒருவர்."

அன்று மாலை அவள் அண்ணன் வீட்டுக்குப் போய், தலை குனிந்து, எல்லாவற்றையும் சொன்னாள். கோயில்பிள்ளை முதலில் திகைத்தார். பிறகு மார்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏட்டி, சிரிக்க வைக்காத, தையல் பிரிஞ்சிரப் போவுது. அரை விநாடி எடுத்தியா நீ? நானா இருந்தா கால் விநாடிதான். பத்து வருசமா அந்தக் கேள்வி மஞ்சக் கலர்ல இருக்குன்னு தெரியுமே ஒழிய, அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. கோப்பு கெட்டா, கதிர்வீச்சுன்னு சொல்லிப் பூமிகிட்ட மறுபடி வாங்கிக்கிடுவோம்."

"நான் உங்களக் கொன்னிருப்பேன் அண்ணே."

"கொல்லலியே. நாப்பத்து மூணு கோடி வாசலத் தட்டிக் கூட்டிட்டு வந்துட்டியே."

மறுநாள் மன்றத்தில் அவள் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டாள். இதுவும் லேசான காரியமில்லை. அந்த ஊரில் அவளை நான் மிகவும் மதித்தது கணக்குப் போட்ட நாளைவிட இந்த நாளில்தான். யாருக்கும் கோபம் வரவில்லை. வருவதற்கு யாருக்கும் யோக்கியதை இல்லை. அப்போதுதான் வாயிலான், நிலையத்தில் இருந்தபடியே, மன்றத்துத் திரையில் ஒரு கோரிக்கை வைத்தது. 'எல்லாக் கேள்விகளையும் நான் முழுதும் படிக்கிறேன். எனக்கு அலுப்பில்லை, பசியில்லை. ஆகவே சம்மதம் கூறும் உரிமையையும் எனக்கே தந்தால் பிழை நேராது.'

தலைவர் தனுஷ்கோடிக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன பேச்சு இது? இன்னிக்குச் சம்மதத்தக் குடுப்போம், நாளைக்கு ஊரக் குடுப்போமா? யோசிச்சு முடிவெடுக்கிறது மனுசனுக்குப் பிறவியிலயே உள்ள உரிம. அத ஒரு மெசினுக்கு விட்டுக்குடுத்திட்டு நாம எதுக்கு இருக்கோம்?"

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. செல்வகனியும் தட்டினாள். அவர் சொன்னது உண்மைதானே?

தீர்மானத்தைத் தலைவரே எழுத உட்கார்ந்தார். முறைப்படி முதல் பாகத்தில் வாயிலானின் கோரிக்கையை அப்படியே, நிறைவேற்றத் தகுந்த வாசகமாக எழுதினார்: 'இன்று முதல் சம்மதம் கூறும் உரிமை வாயிலானுக்கு வழங்கப்படுகிறது.' இரண்டாம் பாகத்தில் அதை மறுத்து, மனித உரிமையின் மாண்பைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். உருக்கமான எழுத்து. அவருக்கே கண் கலங்கியது. எழுதிய கோப்பை எல்லா வீடுகளுக்கும் அனுப்பினார்.

அடுக்குகளிலேயே அடியில் ஒன்று உண்டு, இடைத்தொட்டி என்று. மனிதன் எழுதுவதைச் சொட்டுச் சொட்டாகக் கோப்பில் ஊற்றாமல், சேர்த்து வைத்திருந்து, நிறைந்ததும் ஒரே மூச்சில் ஊற்றும். அதனால்தான் எல்லாம் விரைவாக நடக்கிறது. கடைசியில் நிறையாமல் தங்கியிருப்பது, எழுதியவர் கோப்பை மூடும்போதுதான் ஊற்றப்படும். உணர்ச்சி வேகத்தில் தலைவர் கோப்பை மூட மறந்துவிட்டார். முதல் பாகத்தை எழுதியதும் ஒருமுறை சேமித்திருந்ததால் அது கோப்பில் இருந்தது; மாண்பு முழுவதும் தொட்டியில் கிடந்தது.

வாயிலான் கவனித்தது. கவனித்ததைக் கேட்கவும் செய்தது: 'கோப்பு இன்னும் மூடப்படவில்லை. பின்பகுதி தொட்டியிலேயே உள்ளது. இப்படியே அனுப்பச் சம்மதமா?' தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சம்மதத்தை அழுத்தினார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் தீர்மானம் போய்ச் சேர்ந்தது. முந்நூற்றுப் பதினோரு வீடுகள் ஒன்பது நிமிடத்துக்குள் சம்மதம் அனுப்பின. தலைவர் வீடும் அதில் ஒன்று. பாக்கியிருந்தது செல்வகனியின் வீடு. பட்ட சூட்டில் அவள் இப்போதெல்லாம் எதையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். படித்தவள் அடித்துப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடினாள்.

தலைவர் அங்கேதான் இருந்தார். ஒரு மறுப்பும் வராததால் ஒருமனதாக நிறைவேறிய மகிழ்ச்சியில் இருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க அனுப்பினதப் படிச்சியளா?"

"நான் எழுதினத நானே படிக்கணுமாக்கும்?"

"கோப்ப மூடாம விட்டுட்டிய. உரிமையக் குடுத்தாச்சுங்கிறது மட்டும்தான் போயிருக்கு. மறுத்து எழுதினது பூரா தொட்டியில கெடக்கு!"

தலைவர் ஒரு கணம் வெளிறினார். பிறகு, பல ஆண்டு தலைவராக இருந்த பழக்கத்தில், "அப்ப மூடிரு. மிச்சமும் போயிரட்டும்" என்றார். அவள் மூடினாள். தொட்டியில் கிடந்த நான்கு பக்கமும் கோப்பில் இறங்கின. மாறிய தீர்மானம் புதுத் தீர்மானம் என்பது ஊர் விதி. ஆகவே அது மறுபடி எல்லா வீடுகளுக்கும் போயிற்று. இயந்திரத்துக்கு எந்த உரிமையும் இல்லை, ஒவ்வொரு சொல்லையும் படித்துச் சிந்தித்து முடிவெடுப்பது மனிதன் மட்டுமே என்று அதில் அழகாக எழுதியிருந்தது. இம்முறை எட்டு நிமிடத்தில் சம்மதங்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு வீட்டிலிருந்தும் 'சற்று முன்னால் வேறு மாதிரி இருந்ததே' என்று ஒரு குரல் எழவில்லை.

தலைவர் செல்வகனியைப் பெருமையோடு பார்த்தார்.

"பார்த்தியா? நம்ம சனங்க சரியாத்தான் இருக்காவ."

வாயிலான் திரையில் ஒரு கேள்வியைப் போட்டது. 'முதல் தீர்மானத்தின்படி சம்மதம் கூறும் உரிமை எனக்கு உண்டு. இரண்டாம் தீர்மானத்தின்படி இல்லை. இரண்டும் ஒருமனதாக நிறைவேறியுள்ளன. இரண்டில் எதன்படி நான் நடக்கட்டும்?'

தலைவருக்குப் பசி வந்துவிட்டது. போகிற போக்கில் சம்மதம் என்பதை அழுத்திவிட்டு, வாயிலானின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து நடந்தார்.

வாயிலான் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு செல்வகனியின் பக்கம் திரும்பியது.

"அம்மா, ஐயா இப்போது எதற்குச் சம்மதித்தார்?"